பொறுக்க முடியாத குப்பை

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதெய்ரா, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான தீவு. அதன் தெற்குக் கரையில், கருத்த பாறைகளின்மேல் நீலமும் வெள்ளையுமாக ஏதோ படிந்திருப்பதை 2016ல் கடலுயிர் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பார்த்தவுடன் பெயின்ட் என்றே நினைக்கத் தோன்றும். சுரண்டி எடுத்துச் சோதித்தபோது அது பாலிஎத்திலீன் என்று தெரிந்தது. பைக்கும் கயிற்றுக்கும் பயன்படும் அதே பிளாஸ்டிக். நாலு பெரிய அலை அடித்தால் போய்விடும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அது போகவில்லை. இக்னாசியோ கெஸ்டோசோவும் அவருடைய சகாக்களும் 2019ல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்கள் அளந்த பாறைப் பரப்பில் ஏறக்குறைய 9.5 விழுக்காட்டை அது மூடியிருந்தது. அதற்குப் ‘பிளாஸ்டிக்ரஸ்ட்’, அதாவது பிளாஸ்டிக் மேலோடு, என்று பெயர் வைத்தார்கள். பாறையை மேய்ந்து வாழும் சிறு நத்தைகள் வெறும் பாறையில் ஊர்வதுபோலவே அந்த மேலோட்டின்மேலும் ஊர்ந்துகொண்டிருந்தன.

கடற்கரைப் பிளாஸ்டிக் என்றதும் நம் கண்ணில் வருவது மணல்தான். சாக்கும் கையுறையுமாகத் தன்னார்வலர்கள் இறங்குவார்கள். மாலையில் இத்தனை டன் அள்ளினோம் என்று செய்தி வரும். அந்த உழைப்பில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அள்ளிய எடையை வைத்துக் கரையின் நலத்தை அளக்கும் பழக்கம் பாறைக்கரையில் செல்லாது. மணலில் பிளாஸ்டிக் பெரும்பாலும் ஒதுங்கிக் கிடக்கிறது. பாறையில் அது தேய்ந்து ஒட்டுகிறது, உடைந்து வெடிப்புக்குள் இறங்குகிறது, உயிர்களின் வயிற்றுக்குப் போகிறது. கடைசியில் அந்த இடத்தின் அன்றாட இயக்கத்துக்குள்ளேயே கலந்துவிடுகிறது. அங்கு பெரிய பாதிப்பைச் செய்வது கையால் எடுக்க முடியாத பகுதிதான். இதைப் புரிந்துகொள்ள, பாறைக்கரை எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இடம்தான் எல்லாம்

பாறைக்கரையில் ஒட்டி வாழும் உயிருக்கு உணவைவிடப் பெரிய தட்டுப்பாடு இடம். உணவைக் கடலே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறது. நிற்பதற்கு ஓர் அங்குலப் பாறைதான் கிடைப்பதில்லை. ஓதம் ஏறி வற்றும் சில மீட்டர் உயரத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பட்டை பட்டையாக உயிர்கள் குடியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அலைத்துளி மட்டும் படும் இடத்தில், கருத்த லைக்கன் படலமும் கடுகளவு நத்தைகளும். அதற்குக் கீழே கொட்டலசு. படகின் அடியில் ஒட்டிக்கொண்டு, சுரண்டச் சுரண்ட மீண்டும் வந்து மீனவரை அலுக்க வைக்கும் அந்தச் சுண்ணாம்புக் கூடுகள்தான். அதற்கும் கீழே சிப்பிக் கூட்டம். அடியில், பெரும்பாலும் நனைந்தே கிடக்கும் பகுதியில், கடற்பாசிகள். ஊருக்கு ஊர் இனங்கள் மாறும். அடுக்கு பெரும்பாலும் மாறாது.

இந்த அடுக்கை யார் தீர்மானிக்கிறார்கள்? ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் இரண்டு வகைக் கொட்டலசுகளைப் பின்தொடர்ந்த ஜோசப் கானல், 1961ல் இதற்கு ஒரு விடை தந்தார். ஒருவகை எப்போதும் மேலே, மற்றொன்று கீழே. மேலே இருப்பதற்குக் கீழே வாழத் தெரியாதா? கீழ்ப்பகுதியில் பாறையின் ஒரு பாதியிலிருந்து பெரிய இனத்தை மட்டும் அவர் அகற்றிப் பார்த்தார். இடம் காலியானதும் மேலிடத்து இனம் அங்கே நன்றாகவே வாழ்ந்தது. அகற்றாத பாதியில் பெரிய இனம் அதன்மேல் ஏறி வளர்ந்தது, அடியில் புகுந்து நெம்பியது, பக்கத்திலிருந்து நசுக்கிக் கொன்றது. உயிர்கள் எவ்வளவு மேலே ஏறலாம் என்பதை வெயிலும் வறட்சியும் முடிவுசெய்கின்றன; எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை அண்டை வீட்டாரே முடிவுசெய்கிறார்கள்.

அடுத்த பாடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையிலிருந்து வந்தது. மக்கா விரிகுடாவில் ராபர்ட் பெயின் 1963 முதல் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்துகொண்டிருந்தார். அந்த நட்சத்திர மீனின் முக்கிய இரை சிப்பி. அது இல்லாமல் போனதும் சிப்பிகள் கீழ்நோக்கிப் பரவி மற்றவற்றை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8தான் மிஞ்சின. ஒரு கொன்றுண்ணியை எடுத்துவிட்டால் பலதரப்பட்ட உயிர்களும் போய்விடும் என்பதை அவருடைய 1966ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. பல உயிர்களைத் தாங்கும் அத்தகைய ஓர் இனத்துக்கு அவர் 1969ல் வைத்த ‘கீஸ்டோன்’ என்ற பெயர்தான் சூழலியல் பாடநூல்களில் இன்றும் நிற்கிறது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பாறைக்கரையின் ஒழுங்கு சில சிறிய செயல்களைச் சார்ந்திருக்கிறது. யார் எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறார்கள், பாறைமேல் படியும் நுண்பாசியை யார் மேய்கிறார்கள், எதிரியின் மணத்தை யார் முதலில் உணர்கிறார்கள், எந்த இளம்பருவம் எங்கே அமர்கிறது: இவ்வளவுதான். கொட்டலசின் இளம்பருவம் பாறைமேல் நடந்து, உணர்கொம்பால் தொட்டுத் தொட்டுப் பார்த்து இடம் தேர்கிறது. தேர்ந்தபின் தலையைக் கீழே வைத்துப் பசையால் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு சாகும்வரை அதற்கு வேறு இடம் இல்லை. பிளாஸ்டிக் தலையிடுவது இத்தகைய செயல்களில்தான்.

பாறை என்னும் திரிகை

மணலில் புதைந்த பிளாஸ்டிக் வெயிலிலிருந்து ஓரளவு தப்பித்துவிடும். பாறையில் அந்தப் புகலிடம் இல்லை. நடுப்பகலில் வெயில் ஏறிய பாறை காலைச் சுடும். புறஊதாக் கதிர் நேராகப் படும். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு அது நொறுங்கும் பக்குவத்துக்கு வரும். பிறகு அலை அதைத் தூக்கிச் சொரசொரப்பான கல்லின்மேல் தேய்க்கும். வெயில் பக்குவம் செய்ய, அலை சுழற்ற, பாறை அரைக்கிறது. பாறைக்கரை முழுவதும் ஒரு திரிகைதான்.

மதெய்ரா மேலோடு எப்படி உண்டானது என்ற கேள்விக்கு விடை இத்தாலியில் கிடைத்தது. திர்ரேனியக் கடலில் உள்ள சன்னோனே தீவின் பாறைகளிலும் இதே போன்ற மேலோடுகள் இருந்தன. சோன்யா ஏலர்ஸ், யூலியஸ் எல்ரிக் ஆகியோர் கெஸ்டோசோவுடன் சேர்ந்து 2021ல் வெளியிட்ட ஆய்வு, குற்றவாளி கயிறு என்று காட்டியது. கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கயிறு கரையில் சிக்கிக்கொள்கிறது. ஒவ்வோர் அலையிலும் அது முரட்டுப் பாறையின்மேல் முன்னும் பின்னும் இழுபட்டு, தன்னைப் பாறைமேல் பூசிவிடுகிறது. பூசியது அங்கேயே நிலைத்துவிடுவதும் இல்லை. வெயிலிலும் அலையிலும் அதுவும் பெயர்ந்து, நுண்பிளாஸ்டிக்காகக் கடலுக்குள் போகிறது.

கயிறு தேயக் கரையில் ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜென் நேப்பரும் சகாக்களும் படகில் கயிறு இழுப்பதைச் சோதனையாகச் செய்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். புதுக் கயிறு ஒரு மீட்டர் இழுபடும்போது ஏறக்குறைய 20 நுண்துகள்களை உதிர்க்கிறது. இரண்டு ஆண்டு பழகிய கயிறு 720 துகள்களை உதிர்க்கிறது. பத்தாண்டுக் கயிறு 760க்கும் மேல். அறுந்துபோகாத வரை கயிறு நல்ல கயிறுதான் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

அரைப்பதில் உயிர்களுக்கும் பங்குண்டு. கரையில் அழுகும் பாசிக்குள்ளும் கல்லடியிலும் துள்ளித் திரியும் சின்னஞ்சிறு ஓடுடலி ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயர் மணல் துள்ளி. பிளாஸ்டிக் பையை அது என்ன செய்கிறது என்று 2018ல் பிளிமத்திலேயே பார்த்தார்கள். கடித்துக் கிழித்துத் துண்டு துண்டாக்குகிறது. பையின்மேல் நுண்ணுயிர்ப் படலம் படிந்திருந்தால் இன்னும் வேகமாக. ஒரே ஒரு கடைப் பையிலிருந்து 17.5 லட்சம் நுண்துண்டுகள் வரை வரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அழுகும் பாசியைப் பொடியாக்கிக் கரைக்கு உரமாக்குவதுதான் இந்த உயிரின் வேலை. அந்த வேலையை அது பையிடமும் செய்கிறது.

சில இடங்களில் பிளாஸ்டிக் நேராகக் கல்லாகிவிடுகிறது. ஹவாயின் கமிலோ கடற்கரையில் தீமூட்டிய இடங்களில் பிளாஸ்டிக் உருகி, மணலையும் எரிமலைக் கல்லையும் பற்றிக்கொண்டு இறுகிய கட்டிகளை 2014ல் பட்ரீசியா கோர்க்கரன் குழு விவரித்தது. பிரேசில் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பச்சை ஆமைகள் முட்டையிடும் திரிந்தாதே தீவிலும் அப்படிப்பட்ட கற்களை நிலவியலாளர் ஃபெர்னாண்டா சான்டோஸ் 2019ல் கண்டார். அதன் மூலப்பொருளில் பெரும்பங்கு மீன்வலையும் கயிறும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் விட்சாண்ட் விரிகுடாவில் ஆண்ட்ரூ டர்னர் குழு 2019ல் சேகரித்த கட்டிகள் இன்னும் வஞ்சகமானவை. உருகித் தேய்ந்த அவை கூழாங்கல்லிலிருந்து பிரித்தறிய முடியாத நிறத்திலும் வடிவிலும் இருந்தன. கையில் எடுத்தால்தான் எடை காட்டிக்கொடுக்கும். பழைய பிளாஸ்டிக் நிறமிகளில் சேர்த்த ஈயமும் குரோமியமும் அவற்றில் இருந்தன. அவற்றின்மேல் குழாய் கட்டி வாழ்ந்த புழுக்களின் சுண்ணாம்புக் கூட்டிலும் ஈயம் ஏறியிருந்தது.

தீனி, பிடி, அச்சம், வீடு

அரைபட்ட பிளாஸ்டிக் முதலில் போய்ச் சேரும் இடம் வயிறு. கடலில் நுண்பிளாஸ்டிக் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை உலகுக்கு உணர்த்திய ரிச்சர்ட் தாம்சன் குழுவின் 2004ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இது இருந்தது. தொட்டியில் நுண்துகள்களைக் கொடுத்த சில நாட்களிலேயே கொட்டலசும் கரைத் துள்ளிகளும் மண்புழு போன்ற ஒரு கடற்புழுவும் அவற்றை விழுங்கிவிட்டன. 2008ல் மார்க் பிரவுன் குழு நீலச் சிப்பிக்குப் பத்து மைக்ரானுக்கும் சிறிய பாலிஸ்டைரீன் மணிகளைக் கொடுத்தது. மூன்றே நாளில் அவை குடலைத் தாண்டிக் குருதியில் கலந்தன. 48 நாட்களுக்கு மேல் அங்கேயே இருந்தன. சிப்பி மணிக்கு லிட்டர் கணக்கில் கடல்நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் இருப்பது எதுவோ, அது அதன் உடம்புக்குள் போகத்தான் செய்யும்.

எல்லா உயிரும் ஒரேபோல் இதைத் தேக்கி வைப்பதில்லை. ஜெர்மனியில் லார்ஸ் குட்டோவ் குழு, கடற்பாசியின் வழவழப்பான மேற்பரப்பில் ஒட்டிய நுண்பிளாஸ்டிக்கை அதை மேயும் நத்தை என்ன செய்கிறது என்று பார்த்தது. நத்தை பாகுபாடு பார்க்காமல் இரண்டையும் தின்றது. ஆனால் பிளாஸ்டிக்கைக் கழிவோடு வெளியே தள்ளிவிட்டது. ஆக, உள்ளே போனது எல்லாம் தங்கிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. உயிருக்கு உயிர், துகளின் அளவுக்கு அளவு, விளைவு மாறும்.

வயிற்றைவிடக் கவனிக்க வேண்டியது பிடி. சிப்பி பாறையைப் பற்றிக்கொள்வது ஒரு கைவேலை. ஓட்டுக்குள்ளிருந்து நாக்கு போன்ற ஒரு பாதத்தை நீட்டும். பாறையைத் தடவிப் பார்த்து, நுனியை அழுத்தி வைக்கும். பாதத்தின் அடியிலுள்ள பள்ளத்தில் புரதக் குழம்பு ஊறி, சில நிமிடங்களில் இறுகி இழையாகும். நுனியில் பாறையோடு ஒட்டிய சிறு வட்டத் தகடு. பாதத்தை உள்ளிழுத்து, சற்றுத் தள்ளி அடுத்த இழை. இப்படி நாலாபுறமும் இழைத்த இழைகளை நம்பித்தான் புயல் அலையில் அது நிற்கிறது. டேனியல் கிரீன் குழு 2019ல் வெளியிட்ட சோதனையில், 52 நாட்கள் பாலிஎத்திலீன் நுண்துகள் கலந்த நீரில் வாழ்ந்த நீலச் சிப்பிகள் குறைந்த எண்ணிக்கையில் இழை நூற்றன. அவற்றின் ஒட்டுவலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாதி வலிமையில் ஒட்டிய சிப்பி அமைதியான நாளில் நன்றாகத்தான் தெரியும். அலை பெருகும் பருவத்தில்தான் வித்தியாசம் தெரியும். சிப்பிக் கூட்டம் பெயர்ந்தால் அதன் இடுக்குகளில் வாழும் புழு, நண்டுக்குஞ்சு, சிறு நத்தை எல்லாமே வீடிழக்கும். பெயின் சிப்பியை ஆக்கிரமிப்பாளராகக் காட்டினார் என்பது உண்மை. அதே சிப்பி பல உயிர்களைத் தாங்கும் கட்டடம் என்பதும் உண்மை.

மூன்றாவது அச்சம். கரையோரச் சிறு நத்தை, நண்டின் மணம் நீரில் கரைந்து வந்தால் ஓட்டுக்குள் ஒடுங்கும் அல்லது நகர்ந்து ஒளியும். பிரான்சின் லோரான் சுரோன் 2018ல் வெளியிட்ட சோதனையில் நத்தைக்குப் பிளாஸ்டிக்கைத் தின்னக் கொடுக்கவே இல்லை. பிளாஸ்டிக் மணிகள் ஊறிய நீரில் விட்டார், அவ்வளவுதான். நண்டு மணத்துக்கு நத்தை காட்டும் எச்சரிக்கை மழுங்கியது. ஆலையிலிருந்து நேராக வந்த மணியைவிடக் கரையில் ஒதுங்கிய மணி ஊறிய நீரில் பாதிப்பு அதிகம். கடலில் கிடந்த காலத்தில் அது சேர்த்துக்கொண்டதும் சேர்ந்து கசிகிறது. அஞ்ச மறந்த நத்தை நண்டுக்கு எளிய இரை. நத்தை குறைந்தால் அது மேய்ந்துவந்த பாசி பெருகும். பாசி பெருகினால் கொட்டலசின் இளம்பருவத்துக்கு அமர இடம் குறையும்.

நாலாவது வீடு. காலி நத்தையோட்டில் குடியிருக்கும் சங்கு நண்டு வளர வளரப் பெரிய ஓடு தேடி மாறிக்கொண்டே இருக்கும். நல்ல ஓடு எது என்று தொட்டுத் துழாவிக் கணிக்கும் திறமையில்தான் அதன் உயிர் இருக்கிறது. வடக்கு அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020ல் செய்த சோதனையில், ஐந்து நாள் பாலிஎத்திலீன் துகள்களோடு இருந்த நண்டுகள் பக்கத்தில் வைத்த சிறந்த ஓட்டைத் தொடுவதும் குறைந்தது, அதற்குள் குடிபோவதும் குறைந்தது.

மிதந்து வரும் கரை

2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை, படகுத்துறைத் தெப்பங்களையும் மிதவைகளையும் கூடைகளையும் பசிபிக்குக்குள் இழுத்துச் சென்றது. அடுத்த ஆறு ஆண்டுகளில் அவை வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஹவாயிலும் ஒதுங்கியபோது, அவற்றின்மேல் உயிரோடு இருந்த ஜப்பானியக் கரையோர இனங்களை ஜேம்ஸ் கார்ல்டன் குழு எண்ணியது. மொத்தம் 289 இனங்கள். மரக்கட்டைகளிலும் உயிர்கள் ஏறி வந்தன. ஆனால் மரம் சீக்கிரமே புழு தின்று அழிந்தது, பிளாஸ்டிக் மிதந்துகொண்டே இருந்தது. கரையோர உயிர் பெருங்கடலைத் தாண்டுவது முன்பும் நடந்ததுதான். ஆனால் படகு அழுகிப்போகும் என்ற வரம்பு முன்பு இருந்தது. அந்த வரம்பைப் பிளாஸ்டிக் எடுத்துவிட்டது. வந்திறங்கும் அந்நிய இனத்துக்கும் உள்ளூர்க் கொட்டலசுக்கும் நடக்கப்போவது கானல் கண்ட அதே இடச்சண்டைதான்.

சோதனைத் தொட்டியும் கடலும்

இந்த ஆய்வுகளை வைத்துப் பயமுறுத்துவது சுலபம். ஆய்வுக்கூடத் தொட்டிகளில் கொடுக்கும் துகள்களின் அடர்த்தி பெரும்பாலான கடல்நீரில் இருப்பதைவிட அதிகம். சீரான உருண்டை மணிகளைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். கடலில் கிடைப்பதோ இழையும் கிழிசலும் செதிலும். ஓர் இனத்தில், சில நாட்களில் தெரிந்த விளைவை முழுக் கரைக்கும் நீட்டிப் பேசுவதற்கு இடையில் பல படிகள் உண்டு.

சிப்பியைத் தின்னும் நமக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கும் விடை எதிர்பார்த்தபடி வரவில்லை. பிரிட்டனில் அனா கட்டரினோ குழு 2018ல் வெளியிட்ட கணக்கில், சிப்பி அதிகம் உண்ணும் நாட்டிலும்கூட ஒருவர் சிப்பி வழியாக ஆண்டுக்கு உட்கொள்வது 4,620 துகள் வரை. சாப்பிடும் நேரத்தில் வீட்டுத் தூசியிலிருந்து தட்டில் விழும் இழைகளோ 13,731 முதல் 68,415 வரை. சிப்பிக் குழம்பைவிடச் சோபா உறையும் திரைச்சீலையும்தான் அதிகம் ஊட்டுகின்றன. எனவே பாறைக்கரைப் பிளாஸ்டிக்கை நம் தட்டின் பிரச்சினையாக மட்டும் பேசினால் அதன் மையத்தைத் தவறவிடுவோம். சிப்பி தன் இழையை நூற்க முடிகிறதா என்பதே இங்கு கேள்வி.

குமரிக் கரையில்

தமிழகக் கடற்கரையில் பெரும்பகுதி மணல். விதிவிலக்கு கன்னியாகுமரி மாவட்டம். முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கம் பாறைகள் கடலுக்குள் இறங்கி நிற்கின்றன. அவற்றில் பழுப்புச் சிப்பி அடர்ந்து வளர்கிறது. மூச்சடக்கி முக்குளித்து, இரும்புக் கருவியால் நெம்பிச் சிப்பி எடுப்பது இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. சிப்பியின் ஒட்டுவலிமை எவ்வளவு என்பதை அந்த முக்குளிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அடுத்த சில நாட்களில் திருவனந்தபுரம் கரையிலும் தொடர்ந்து குமரி மாவட்டக் கரையிலும் வெள்ளை மணிகள் ஒதுங்கின. நர்டில் எனப்படும் அவை பிளாஸ்டிக் பொருள்களுக்கு மூலப்பொருள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன், 2021 மே மாதம், கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து ஜூனில் மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 டன் நர்டில்கள் கடலில் கொட்டி இலங்கையின் மேற்குக் கரையை மூடின. மணலில் விழுந்தவற்றைச் சல்லடையில் சலித்து எடுக்க ஆட்கள் இறங்கினார்கள். பாறை வெடிப்புக்குள் சல்லடை போகாது. சிப்பிக் கூட்டத்தின் இடுக்கில் சிக்கிய மணியை எடுக்கச் சிப்பியையே பெயர்க்க வேண்டும். எல்சா மூழ்கியது தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் வேளையில். பெருத்த அலை பாறையை அறைந்துகொண்டிருக்கும்போது ஆள் இறங்கவும் வழியில்லை.

நாமே கட்டும் பாறைக்கரைகளும் பெருகிவருகின்றன. கடலரிப்பைத் தடுக்க மேற்குக் குமரிக் கரையில் ஊருக்கு ஊர், கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. சிலியின் கோகிம்போ விரிகுடாவில் இத்தகைய கற்குவியல்களையும் இயற்கைப் பாறைகளையும் ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, கற்குவியல்களில்தான் குப்பை அதிகம் சேர்கிறது என்றது. பெருங்கற்களுக்கு நடுவிலுள்ள பொந்துகள் குப்பையை வாங்கிக்கொண்டு விடுவதில்லை. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும் திட்டங்கள் பொந்தில் சேரும் பிளாஸ்டிக்கை யார், எப்போது எடுப்பது என்பதையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

எங்கே தடுப்பது

மேலோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சுரண்டும் கருவிக்குப் பிளாஸ்டிக் எது, கொட்டலசு எது, நுண்பாசிப் படலம் எது என்று தெரியாது. சுரண்டிய பாறையில் கானல் செய்ததைப் போன்ற ஒரு சோதனையைத்தான் நாம் தொடங்கியிருப்போம். உயிர்கள் மறுபடி குடியேறப் பல பருவங்கள் ஆகும். சுரண்டலில் உதிர்ந்த துகளும் கடலுக்கே போகும். மணலில் துப்புரவு ஒரு தீர்வாக இருக்கலாம். பாறையில் அதுவே இன்னொரு சேதம்.

ஆகவே தடுப்பு, பிளாஸ்டிக் பாறையை எட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். இன்றைய சட்டங்கள் கைவைத்திருப்பது பெரும்பாலும் பொறுக்கக்கூடிய பிளாஸ்டிக்கில்தான். ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களைத் தமிழகம் 2019 ஜனவரியிலும், குறிப்பிட்ட சில வகைகளை இந்திய அரசு நாடு முழுவதும் 2022 ஜூலையிலும் தடைசெய்தன. பை, உறிஞ்சுகுழல், தட்டு எல்லாம் அதில் வருகின்றன. கயிறும் நர்டிலும் வருவதில்லை. கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டக்கூடாது என்று மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 முதல் சொல்கிறது. பத்தாண்டுக் கயிற்றை இழுக்க இழுக்க உதிர்வதைக் ‘கொட்டுவது’ என்று யாரும் வழக்குப் போட முடியாது. கொள்கலனில் நர்டிலை எப்படிக் கட்ட வேண்டும், கப்பலில் எங்கே அடுக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024ல் சொன்னதும் பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவர வேண்டிய உலகப் பிளாஸ்டிக் ஒப்பந்தத்தின் பேச்சு 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உடன்பாடில்லாமல் கலைந்தது.

உள்ளூரில் செய்யக்கூடியவையும் உண்டு. பழைய கயிற்றைத் துறைமுகத்திலேயே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், நைந்த கயிற்றை இன்னும் ஒரு பருவம் இழுக்கலாம் என்ற கட்டாயம் மீனவருக்கு இருக்காது. கயிற்றுக்கு ஆயுள் வரம்பை விதித்துவிட்டு, புதுக் கயிற்றின் செலவை மீனவர் தலையில் கட்டினால் அது நடக்காது.

அளக்கும் முறையும் மாற வேண்டும். கானலுக்கும் பெயினுக்கும் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே பாறையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், அவ்வளவுதான். குமரிக் கரையில் சில பாறைகளைக் குறித்துவைத்து, பருவத்துக்கு ஒருமுறை அதே சதுரத்தைப் படமெடுத்து, மேலோடு எத்தனை விழுக்காடு, கொட்டலசு எத்தனை, சிப்பியைப் பிடுங்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பதிவுசெய்ய ஒரு கல்லூரி விலங்கியல் துறை போதும்; கூடவே ஊர் முக்குளிகளும் இருந்தால் வேலை இன்னும் துல்லியமாகும். அந்தப் பதிவேடு கையில் இல்லாத வரை, அடுத்த கப்பல் மூழ்கும்போது சேதம் எவ்வளவு என்று நிரூபிக்க நம்மிடம் சாக்குகளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். இழப்பீடு கேட்கும் மேசையில் அந்த எண்ணிக்கை, பாறையில் போனது எதையும் சொல்லாது.